காதில் சுர்மா பூசிய முயல்

கடலூரில் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்தவர், "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் ஒண்ணு சொல்லுங்க" என்றார். கன்று ஈன முடியாமல் திணறிய எருமை, வெள்ளத்தில் கூரைமேல் ஏறி நின்ற ஆடு என்று எதையாவது எதிர்பார்த்திருப்பார். அந்த மாதிரிக் கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் கடைசியில் நான்தான் கெட்டிக்காரியாக வருவேன். அதனாலேயே அவற்றை ஒதுக்கிவிட்டேன். நான் மூக்குடைபட்ட கதை ஒன்று சொல்கிறேன். புதிதாகக் கால்நடை மருத்துவர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அதுதான் உதவும். கேட்கவும் நன்றாக இருக்கும்.

நான் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த சமயம். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் வழியில் ஒரு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். மாடும் ஆடும்தான் வரும். எப்போதாவது நாய். அந்தப் புதன்கிழமை காலை, சினை பார்க்க வந்த மாடுகளுக்கு நடுவே, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லால்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஜமால் பாய். ஊரில் கொஞ்சம் மரியாதையான ஆள். பக்கத்தில் மாட்டோடு நின்றவர் "என்னா பாய், பெட்டில?" என்று கேட்டதற்கு, "சேலை" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அவர் முறை வந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தார். சேலை இல்லை. வெள்ளை வெளேரென்று ஒரு முயல். இடது காது நுனியில் மட்டும் மை தொட்டு வைத்த மாதிரி கறுப்பு.

"எம் பொண்ணோடது டாக்டரம்மா. அவ கல்யாணம் ஆகி சார்ஜா போயிட்டா. நான் சும்மா பாத்துக்கறேன், அவ்ளோதான். நேத்து காலைலேர்ந்து ஒண்ணும் திங்கல. புழுக்கையும் போடல."

"பேரு என்ன?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் குரலை இறக்கி, "பிஸ்தா" என்றார்.

முயலுக்குக் குடல் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். மாடு மூன்று நாள் தீனி எடுக்காமல் நிற்கும். உங்களுக்கு யோசிக்க நேரம் தரும். முயல் தராது. அது நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும், போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் நின்றாலே ஆபத்து. இரண்டு நாள் நின்றால் பெரும்பாலும் திரும்பாது. பிஸ்தா முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி, பல்லை மெல்ல நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். வலி. வயிற்றில் காது வைத்துக் கேட்டேன். பூட்டிய வீடு மாதிரி இருந்தது.

நான் எல்லாவற்றையும் முறையாகத்தான் பார்த்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். வாயைத் திறந்து முன்பற்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தேன். அழகான பற்கள். வாயை மூடிவிட்டேன். நான் வாயை மூடிய அந்த இடத்தை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது மறக்கவில்லை.

பிறகு விசாரணை தொடங்கியது.

"என்ன குடுத்தீங்க பாய்?"

"புல்லுதான்."

"வேற?"

"புல்லுதான் டாக்டரம்மா."

என் உதவியாளர் கோதண்டம் அப்போது குளுக்கோஸ் பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கு வயது சின்னவர். அந்த வட்டாரத்தில் எந்த மாடு யார் வீட்டுப் பயிரை மேய்ந்தது என்பதுவரை தெரிந்த ஆள். திரும்பிப் பார்க்காமலே, "பாய், மீசைல ரஸ்க் தூளு ஒட்டிக்கினு இருக்குது. உங்க மீசைல இல்ல, அதும் மீசைல" என்றார்.

ஜமால் பாய் உடனே உடைந்துவிட்டார். காலையில் டீ குடிக்கும்போது முயல் வந்து காலடியில் நிற்குமாம். ஒரு ரஸ்க் நனைத்துக் கொடுப்பாராம். ஒன்று என்பது பிறகு இரண்டாயிற்று. மனைவிக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவாள்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. குற்றவாளி தானே வந்து ஒப்புக்கொண்டுவிட்டார். மாவுத் தீனி, நார் இல்லை, குடல் நின்றது. பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது. அவ்வளவு நேர்த்தியான காரணம் கையில் கிடைத்ததும் நான் வேறு காரணம் தேடுவதை நிறுத்திவிட்டேன். தோலுக்கடியில் வெதுவெதுப்பான குளுக்கோஸ், வலிக்கு மருந்து, குடல் அசைய மருந்து, ரஸ்குக்குத் தடை. ஜமால் பாய்க்கு ஒரு சொற்பொழிவும் கொடுத்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அவரும் மனைவி ஃபரீதாவும் பிஸ்தாவைக் கொண்டுவந்தார்கள். இந்த முறை பெட்டிக்கு மூடி இல்லை. யார் பார்த்தால் என்ன என்கிற நிலைக்கு பாய் வந்துவிட்டிருந்தார்.

"புல்லுகிட்ட வந்துச்சி மேடம்" என்றார் ஃபரீதா. "ஆசையா வாயில வச்சிது. அப்புறம் கீழ போட்டுருச்சி. மறுபடி எடுத்துச்சி. மறுபடி போட்டுருச்சி."

"நல்ல அறிகுறி. பசி திரும்புது" என்றேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிலருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நேற்றே வழக்கை முடித்து வைத்தவள் அல்லவா.

ஆனால் புழுக்கை இல்லை. பிஸ்தா நேற்றைவிட இளைத்திருந்தான். அன்று பகல் முழுக்க மருந்தகத்திலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அப்போதுதான் ஃபரீதா கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். மகள் ஹசீனா தினமும் நாலரை மணிக்கு சார்ஜாவிலிருந்து வீடியோ கால் போடுவாள். பெற்றோரிடம் இரண்டு நிமிஷம், பிஸ்தாவிடம் பத்து நிமிஷம். நேற்று "தூங்குறான்" என்று சொல்லிச் சமாளித்தாயிற்று. இன்றைக்கும் அதையே சொன்னால் நம்ப மாட்டாள்.

"உண்மையச் சொல்லிடுங்களேன்."

"மாசமா இருக்கா மேடம். மூணாவது மாசம். படுத்தே இருக்கணும்னு அங்க டாக்டர் சொல்லியிருக்காங்க. இதத் தெரிஞ்சிக்கினா அழுதே தீத்துருவா."

நான் யோசித்தேன். கோதண்டம் என் அளவுக்கு யோசிக்கவில்லை.

"மேடம், என் மச்சான் குமராட்சில முயல் வளக்கறான். அத்தினியும் வெள்ள. ஒண்ண எடுத்தாந்து ரெண்டு நிமிஷம் போன்ல காட்டனா வேல முடிஞ்சிது. முயலுக்கு முயலு என்னா வித்தியாசம், ஆதார் கார்டா கேக்கப் போறாங்க?"

"காதுல கறுப்பு இருக்கே" என்றார் ஜமால் பாய். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நடைமுறைச் சிக்கலைத்தான் எழுப்பினார்.

"கடைல சுர்மா இருக்கு" என்றார் ஃபரீதா.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று பேர் முகத்தையும் பார்த்தேன். கர்ப்பிணிப் பெண், நல்ல எண்ணம், இரண்டே நிமிஷம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த விளையாட்டு பிடித்திருந்தது. முப்பது வருஷம் சினை ஊசி போட்டவளுக்கு இப்படி ஒரு நாடகம் தினமும் வாய்க்குமா?

மூன்றரைக்கு கோதண்டத்தின் மச்சான் மினிபஸ்ஸில் கட்டைப்பையோடு வந்து இறங்கினார். உள்ளே இருந்தது பிஸ்தாவைவிடச் சற்றுக் குண்டான, எதற்கும் அஞ்சாத ஒரு பெண் முயல். ஃபரீதா அதன் இடது காது நுனியில், கண்ணுக்கு இடும் கறுப்புச் சுர்மாவை எண்ணெயில் குழைத்து அழகாகத் தடவினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தடவினார். மருந்தகச் சுவர் தெரியக்கூடாது என்று ஜமால் பாய் கடையிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட திரைத்துணியைப் பின்னால் மாட்டினோம். நிஜமான பிஸ்தா பக்கத்து அறையில், சுடுதண்ணீர் பாட்டிலை அணைத்தபடி கிடந்தான்.

நாலரைக்கு அழைப்பு வந்தது. திரையில் ஹசீனாவின் முகம். வட்ட முகம், கண்ணுக்குக் கீழே களைப்பு.

"அத்தா, அவனக் காட்டுங்க மொதல்ல."

ஜமால் பாய் முயலைக் காட்டினார். அது கொத்தமல்லிக் கட்டை வைக்கோல் மாதிரி மென்று தள்ளிக்கொண்டிருந்தது.

"கொத்தமல்லி திங்குறானா?" ஹசீனா குரல் மாறியது. "தொடவே மாட்டானே."

"வளர்ற வயசுதானேம்மா" என்றார் பாய். பிஸ்தாவுக்கு நான்கு வயது.

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். ஃபரீதா என் பக்கம் கையைக் காட்டினார். "பாரு, டாக்டர் மேடமே வந்திருக்காங்க. சும்மா செக்கப். நீயே கேளு."

போன் என் கைக்கு வந்தது. நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் தொங்க, ஒரு அரசாங்க ஊழியரின் முழு கம்பீரத்தோடு, "பிஸ்தா நல்லா இருக்கான்மா. ஒண்ணும் கவலப்படாத" என்றேன்.

அந்த நேரம் பார்த்து, என்னோடு திரையில் தெரிந்த குமராட்சி முயலுக்குச் சாப்பாடு முடிந்தது. சாப்பிட்டு முடித்த முயல் என்ன செய்யும்? முகம் கழுவும். முன்னங்கால்கள் இரண்டையும் நக்கி ஈரமாக்கியது. மூக்கைத் துடைத்தது. பிறகு இடது காதை இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து மேலிருந்து கீழே இழுத்து வழித்தது. ஒரு முறை, இரண்டு முறை. காது வெளுத்தது. கை கறுத்தது. அந்தக் கையாலேயே முகம் முழுக்கத் தேய்த்துக்கொண்டது. ஒரு நிமிஷத்தில் எங்கள் போலி பிஸ்தா கரி அடுப்புக்குள் தலையை விட்ட பூனை மாதிரி கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

கோதண்டம் மெல்லத் திரைத்துணிக்குப் பின்னால் போய்விட்டார்.

"அத்தா" என்றாள் ஹசீனா. "பிஸ்தா காது கலையுது."

ஜமால் பாய் அவசரமாக முயலின் காதைக் கையால் மறைத்தார்.

அவள் அழவில்லை. நாங்கள் அத்தனை பேரும் பயந்தது அவள் அழுவாள் என்றுதான். அவள் என்னைப் பார்த்து, "டாக்டர், எம் பிஸ்தா உசுரோட இருக்கானா?" என்று கேட்டாள்.

"இருக்கான். ஆனா ரெண்டு நாளா சாப்பிடல."

"புல்ல வாயில வச்சிட்டுக் கீழ போடுறானா?"

"ஆமா."

"கடவாப்பல்லப் பாத்தீங்களா? போன வருஷம் இப்படித்தான் ஆச்சி. பாண்டிச்சேரில தேச்சி வுட்டாங்க. அத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது, அப்ப அவர் கொள்முதலுக்கு சூரத்து போயிருந்தாரு. நானும் அம்மாவுந்தான் போனோம். அம்மாவுக்கு வேன்ல மயக்கம், வெளியிலயே படுத்திருந்தாங்க, உள்ள என்னா செஞ்சாங்கன்னு அவங்களுக்கும் தெரியாது."

மாட்டின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுக் கடைவாய்ப்பல்லை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பவள் நான். கன்றுக்கும் பார்ப்பேன், கிழட்டு எருமைக்கும் பார்ப்பேன். இந்தச் சின்ன வாயில் முன்னால் தெரிந்த பற்களைப் பார்த்துவிட்டு அழகு என்று சொல்லி மூடியிருந்தேன். பக்கத்து அறைக்குப் போய், நாய்க் காதுக்குள் பார்க்கும் குழல் விளக்கை எடுத்துப் பிஸ்தாவின் வாய்க்குள் விட்டேன். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று ஊசிபோல வளர்ந்து நாக்கின் ஓரத்தைக் கிழித்திருந்தது. பசித்த பிள்ளை ஆசையாகப் புல்லை எடுத்து, கடித்ததும் வலித்து, கீழே போட்டிருக்கிறான். அதற்கு நான் நல்ல அறிகுறி என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். ரஸ்கும் தன் பங்குக்குக் கெடுதல் செய்திருக்கும். ஆனால் மூல காரணம் அது இல்லை. அதை அறிந்த ஒரே ஆளிடமிருந்துதான் இரண்டு நாளாக எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருந்தோம்.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம்.

"இப்பவே பாண்டிக்குக் கெளம்புங்க" என்றாள் ஹசீனா. ஜமால் பாய் கார் சாவியை எடுத்துவிட்டார். வெளியே மே மாத வெயில். இரண்டரை மணி நேரப் பயணம். குடல் நின்று, உடம்பு சூடு குறைந்து கிடக்கும் முயலை அந்த நிலையில் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடும். போய்ச் சேர்ந்தாலும் மயக்க மருந்தைத் தாங்காது. முதலில் வலியைக் குறைத்து, ஊட்டி, குடலை ஓடவிட வேண்டும். அதன் பிறகுதான் பல். எனக்கு அதில் துளியும் சந்தேகமில்லை. அதைச் சொன்னேன்.

அவள், "பத்து நிமிஷத்துக்கு முன்னாடி நல்லா இருக்கான்னு சொன்னவங்கதானே நீங்க. இத மட்டும் நான் எப்படி நம்பறது?" என்றாள்.

நான் சொன்னது சரி. படித்த படிப்பு, பார்த்த கேஸ்கள் எல்லாம் அதற்குப் பின்னால் நின்றன. ஆனால் என் வார்த்தைக்கு இருந்த மதிப்பை ஒரு திரைத்துணிக்கு முன்னால் நின்று நானே அழித்துவிட்டேன். எப்போது அது தேவைப்படும் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த பத்தாவது நிமிஷமே தேவைப்பட்டது.

"நம்ப வேணாம்மா" என்றேன். "போன வருஷம் பாத்த டாக்டர் நம்பர் குடு. நீ லைன்ல இரு. நான் பேசறேன். அவரு கெளம்புன்னா இப்பவே நானும் கார்ல ஏறுறேன்."

புதுச்சேரி டாக்டர் என் மகளைவிடச் சின்னவர். பிஸ்தாவை நினைவு வைத்திருந்தார். நான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன், முன்பற்கள் உட்பட. பொறுமையாகக் கேட்டார். "இப்ப கொண்டு வராதீங்க மேடம், நீங்க சொல்றதுதான் சரி" என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே, "ஆனா வலி மருந்து நாய் கணக்குல போட்டிருக்கீங்க. முயலுக்கு அது பத்தாது" என்று திருத்தினார். ஹசீனா, ஜமால் பாய், ஃபரீதா, கோதண்டம், கோதண்டத்தின் மச்சான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, "சரிங்க சார்" என்றேன். காது வரைக்கும் சூடானது. ஆனாலும் அந்த மூன்று நாளில் நான் பேசிய பேச்சுகளில் உருப்படியானது அதுதான்.

மருந்தை மாற்றினோம். கீரையை மைய அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, கடைவாய்க்குள் பட்டுவிடாமல் ஓரமாக ஊட்டக் கற்றுக்கொடுத்தேன். முதல் முறை ஜமால் பாய் பாதியைத் தரையில் சிந்தினார். இரண்டாவது முறை சிந்தவில்லை. சாயங்காலம் அவர்கள் பிஸ்தாவை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு முறை ஊட்டும்போதும் ஹசீனாவுக்கு வீடியோ போக வேண்டும், நல்லதோ கெட்டதோ அப்படியே போக வேண்டும் என்பது ஏற்பாடு. விடிவதற்குள் புழுக்கை விழாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவளிடம் நானே சொன்னேன். "சரி" என்று மட்டும் சொன்னாள். தாங்கிக்கொள்ள மாட்டாள் என்று நாங்கள் நினைத்த பெண்தான் அன்றைக்கு எங்களில் நிதானமாக இருந்தவள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, பஜர் தொழுகை முடிந்த நேரம். போன் அடித்தது.

"டாக்டரம்மா, போட்டுட்டான்" என்றார் ஜமால் பாய். "மூணு உருண்ட. சின்னதுதான். இப்ப இன்னும் ரெண்டு."

அவர் அந்த மூன்று உருண்டைகளையும் கடையின் புது வெள்ளைத் துண்டு ஒன்றில் வரிசையாக வைத்து, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுதி மகளுக்கு அனுப்பியிருக்கிறார். சந்தோஷத்தில் விரல் தவறி, அது ஜவுளி வியாபாரிகளின் வாட்ஸ்ஆப் குழுவுக்கும் போய்விட்டது. அரை மணி நேரத்தில் பதினோரு பேர் பதில் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர், "மச்சான், மெளகு யாவாரத்துல எறங்கிட்டியா? எந்த ஊர் சரக்கு?" என்று கேட்டிருந்தார். முயல் வளர்ப்பதை ஊருக்கு மறைத்துவந்த மனிதர், "எங்க பிஸ்தா போட்டது" என்று பதில் எழுதினாராம்.

சனிக்கிழமை வெயில் ஏறுமுன் புதுச்சேரி போனோம். நானும் விடுப்பு போட்டுவிட்டுக் கூடப் போனேன். பல் தேய்க்கும்போது அந்த இளம் டாக்டர் பக்கத்தில் நின்று எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் காட்டினார். நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன். மறுநாள் பிஸ்தா புல் தின்றான். ஹசீனா அந்தச் சத்தத்தைப் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்றார்கள். எனக்கு அவள் நன்றி சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அனுப்பிய செய்தியில், "டாக்டர், எனக்குப் பிடிக்காத விஷயமா இருந்தா, இனிமே மொதல்ல எனக்குச் சொல்லுங்க" என்று மட்டும் இருந்தது. நன்றியைவிட அதுதான் எனக்குப் பிடித்தது.

அதிலிருந்து எந்தப் பிராணி வந்தாலும், மேஜைமேல் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது: "இதப் பத்தி வீட்ல நல்லாத் தெரிஞ்சது யாரு? அவுங்க வந்திருக்காங்களா?" கொண்டுவருகிறவருக்கும் அறிந்தவருக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. கேட்டுப் பாருங்கள்.

அப்படித்தான் அந்த மழைக்காலத்தில் கொள்ளிடக்கரைப் பக்கமிருந்து ஒருவர் கறவை மாட்டை ஓட்டிவந்தார். நான்கு நாளாகப் பால் விடவில்லை. கை வைத்தால் உதைக்கிறது. மடியைப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. சூடும் இல்லை.

"இதப் பத்தி நல்லாத் தெரிஞ்சது யாரு?"

"எஞ் சம்சாரம்ங்க. அவதான் கறப்பா."

"வரலியா?"

அவர் மாட்டின் கயிற்றைப் பார்த்தார். "கோச்சிக்கினு வடலூருக்கு அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டாங்க. நாலு நாளாவுது."

"போன் போடுங்க."

"பேச மாட்டாங்க."

"உங்களோட பேச வேணாம். மாட்டப் பத்திப் பேசட்டும்."

தயங்கித் தயங்கிப் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். அந்த அம்மாள் எட்டு நிமிஷம் பேசினார். தவிடு என்ன போட்டீங்க, தண்ணி காட்டினீங்களா, கன்னுக்குட்டிய அவுத்து வுட்டீங்களா, கறக்கும்போது பேச்சு குடுத்தீங்களா என்று வரிசையாகக் கேட்டார். புருஷன் நலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், "ராத்திரி சாப்பிட்டுச்சா?" என்றார்.

"மாடா?" என்று கேட்டார் புருஷன்.

"மாட்டப் பத்தித்தான் எல்லாம் கேட்டாச்சே" என்றார் அந்த அம்மாள்.

"நாளைக்கு மொத பஸ்ல வரேன்" என்றது போன்.

மறுநாள் சாயங்காலம் மாடு பால் விட்டது என்று தகவல் வந்தது. ரெஜிஸ்டரில் சிகிச்சை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கோதண்டம் கேட்டார். மாட்டுக்கு ஒரு சத்து டானிக் கொடுத்தனுப்பியிருந்தேன். அதன் பெயரை எழுதச் சொன்னேன்.